வாசலில் விட்டுவந்த கடவுச்சீட்டு

கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருக்கும் என் அக்கா வீட்டு வாசலில் டாக்சி வந்து நின்றபோது காலை எட்டு மணி நாற்பது நிமிடம். எண்பதுகளின் நடுப்பகுதி அது. மூன்று வாரம் அக்காவோடு இருந்துவிட்டு நாளை மறுநாள் யாழ்ப்பாணம் திரும்ப வேண்டும். விமானச் சீட்டு உறுதியாகிவிட்டது. கடவுச்சீட்டில் குத்தித் தந்த அனுமதியும் அன்றோடு முடிகிறது. ஊரில் என் கணவர் தனியாக இருக்கிறார். ஊரடங்கும் சோதனைச் சாவடியுமாகக் கிடக்கிற ஊரில் ஒரு மனிதரை மூன்று வாரம் தனியே விட்டுவந்ததே பெரிய பிழை என்று எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

"மச்சாள், நாளைக்கு ஒரு மியூசியம் காட்டுறன், வெளிக்கிட்டு நில்லும்" என்று முதல்நாளே அத்தான் சொல்லியிருந்தார். அத்தான், அதாவது அக்காவின் கணவர், இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தார். பேச்சை எங்கள் ஊர்த் தமிழில் தொடங்கி மலாயிலோ ஆங்கிலத்திலோ கொண்டுபோய் முடிப்பார். வயது அறுபத்திரண்டு, முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் சம்பந்தம் பேசி வந்த தரகர், "மலாயாவிலை அரசாங்க உத்தியோகம், ஸ்டோர்ஸிலை பெரிய ஆள்" என்றார். அரசாங்கம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு எங்கள் வீட்டில் வேறு கேள்வி எழவில்லை. எந்த ஸ்டோர்ஸ் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவும் இல்லை.

மியூசியம் என்றால் பானை சட்டி, பாடம் செய்த புலி, சுல்தான் சாப்பிட்ட தட்டு என்று நினைத்துக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன். அக்காவுக்கு முழங்கால் வலி, அவள் வரவில்லை. வாசல்வரை வந்து, "பாஸ்போட்டை அலுமாரிக்குள்ளை வைச்சிட்டுப் போவன்" என்றாள். மூன்று வாரமாக நாள் தவறாமல் சொல்கிறாள். நான் கேட்டதில்லை. ஊரில் அடையாள அட்டை இல்லாமல் தெருமுனைக் கடைக்குப் போவதற்கும் யோசிக்கிறவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் விமானம் ஏறியும் என்னை விடவில்லை. கைப்பையின் உள்ளறையில் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று கால் மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

டாக்சி ஓட்டி வந்தவர் பெயர் குணா. நாற்பது வயதிருக்கும், ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து முப்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், என்று பேச்சு. தூரம் ஏறக்குறைய பன்னிரண்டு மைல். பிங்க் நிற மினி பஸ்ஸில் போயிருந்தால் ஆளுக்கு ஐம்பது காசுதான். ஆனால் அந்த வண்டிகள் திருப்பங்களில் சாய்கிற சாய்ப்பை ஒருமுறை அனுபவித்தபின் முப்பது வெள்ளி எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குச் சௌகிட் பாசாரைத் தாண்டினோம். பாசார், அதாவது சந்தை, என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், பின்னால் உதவும். வந்த முதல் வாரம் அக்காவோடு மீன் வாங்கப் போனேன். மலாய்க்கார மீன் வியாபாரியிடம் பாரை இருக்கிறதா என்று சைகையில் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "தா அடா" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மீன் கேட்க வந்தவளிடம் என்னத்தைத் தரச் சொல்கிறான், அதுவும் ஒரு ரீச்சரைப் பார்த்து அடா என்கிறான்! "மரியாதையாக் கதையும்" என்று தமிழிலேயே திருப்பிக் கொடுத்தேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கூடையைத் தவறவிட்டாள். மலாயில் 'தா அடா' என்றால் இல்லை என்று அர்த்தமாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் சீனி தீர்ந்தாலும் தண்ணீர் நின்றாலும் "தா அடா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஈப்போ சாலையில் போக்குவரத்து குறைந்தது. வலப்பக்கம் பத்துமலையின் வெளுத்த பாறை தெரிந்ததும் கைகூப்பினேன். கூப்பிய கையை எடுக்குமுன் அத்தான் தொண்டையைச் செருமினார்.

"மச்சாள், மியூசியம் எண்டன் எல்லே. அது ஆமி மியூசியம். ஜெனரல்மார், கொமாண்டர்மாருக்கெண்டு வைச்சிருக்கினம். காம்புக்கு உள்ளை."

ராணுவ முகாம்! "ஆமிக் காம்புக்குள்ளையோ? என்ன விளையாட்டு இது அத்தான்? வண்டியைத் திருப்பச் சொல்லுங்கோ."

"இது உங்கடை ஊர் இல்லை. ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம். ட்ரஸ்ட் மீ."

குணா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பயப்படாதீங்க ஆன்டி. ஸ்கூல் பிள்ளைங்கள்லாம் பஸ் புடிச்சு வந்து பாக்குது லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வைக் கடைசியில் சேர்த்து. பயப்படாதே என்று ஒருவர் சொல்வதால் பயம் போகுமென்றால் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் பயமே இருக்காது. ஆனாலும் வீட்டுக்கு வந்த விருந்தாளி நான். அத்தானின் முகத்தில் வழக்கமில்லாத ஒரு கெஞ்சல் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.

முகாமின் பெயரை எழுத வேண்டாம் என்று அத்தான் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். ஒன்பது முப்பத்தைந்துக்கு வாசல் தெரிந்தது. சிவப்பும் வெள்ளையும் பூசிய தடுப்புக் கம்பம், மணல் மூட்டை, காவல் கூண்டு, துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். குணா வேகத்தைக் குறைத்தார்.

இனி நடந்ததை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர் வழக்கம் தெரிய வேண்டும். சாவடிக்கு நூறு யார் முன்னாலேயே பஸ் நிற்கும். எல்லோரும் இறங்க வேண்டும். குடையை மடக்கி, அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். வெறும் பஸ் பின்னால் வரும். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ்ஸின் வேகம் குறைகிறபோதே கால் தானாக எழுந்துவிடும்.

எனக்கும் எழுந்துவிட்டது. டாக்சி முழுதாக நிற்குமுன் கதவைத் திறந்து இறங்கினேன். கடவுச்சீட்டை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். சாலையின் இடது ஓரமாக, குனிந்த தலையோடு, ஒற்றை ஆளே ஒரு வரிசையாகி நடந்தேன். பின்னால் குணா கத்தினார்: "ஆன்டி! எங்க போறீங்க? ஏறுங்க லா!" அந்தக் கத்தலும் எனக்குப் பழக்கமான கத்தலாகவே கேட்டது. இன்னும் வேகமாக நடந்தேன்.

"பெர்ஹெந்தி!" என்றான் சிப்பாய். சொல் தெரியாது, தொனி தெரியும். நின்றேன். சேலை கட்டிய ஒரு நடுவயதுப் பெண் கையில் எதையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து குதித்து வருவதை அவன் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டான். அவன் முகத்திலும் பயம் இருந்தது. துப்பாக்கி உள்ளவனின் பயம்தான் எனக்கு அதிகப் பயம் தருவது.

அத்தான் ஓடிவந்து மலாயில் ஏதோ பேசினார். சிப்பாய் சிரித்துவிட்டான். பார்வையாளர்கள் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்து இலக்கத் தகடு வாங்க வேண்டுமாம். குடும்பத்தில் ஒருவர் அட்டை போதுமாம். ஆனால் நான்தான் ஊருக்கே தெரியும்படி கடவுச்சீட்டைத் தூக்கிக் காட்டிவிட்டேனே. அவன் கை நீட்டி அதையும் வாங்கிக்கொண்டான். பதிலுக்குப் பதினான்கு என்று எழுதிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் தந்தான். அலுமாரிக்குள் வைத்திருந்தால் வாங்கியிருக்க முடியாது. அக்காவின் குரல் காதில் கேட்டது.

"திருப்பித் தருவினமோ?" என்றேன்.

"வெளியிலை போகேக்கை தருவினம்."

ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருமுறை என் அட்டையை உள்ளே கொண்டுபோன சிப்பாய், போனது போனதுதான். அட்டை திரும்பி வரும்வரை, காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் நான்கு மணிவரை, வெயிலில் நின்றேன். அட்டை இல்லாமல் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அன்றைக்கு விளங்கியது: என் கையில் இருக்கிறவரைதான் அது அட்டை. அவர்கள் கைக்குப் போய்விட்டால் அது நானேதான்.

மியூசியம் தாழ்ந்த, நீளமான வெள்ளைக் கட்டடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வழிகாட்ட ஒரு சார்ஜன்ட் வந்தார், மலாய்க்காரர், நன்றாக ஆங்கிலம் பேசினார். முதல் கூடத்தில் சுவர் முழுக்கத் தளபதிகளின் படங்கள். முதலில் வெள்ளைக்காரர்கள், பிறகு உள்ளூர்க்காரர்கள். மீசை மாறுகிறது, நிறம் மாறுகிறது, பார்வை மட்டும் மாறவில்லை. எல்லோரும் என்னிடம் அட்டை கேட்பது போலவே பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் வாள், வெள்ளிப் பூணிட்ட கைத்தடி, தொப்பி, ஒரு தளபதி காட்டில் வைத்திருந்த சவரப் பெட்டி, ஒடிந்த மூக்குக்கண்ணாடி. அந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. இவர்களுக்கும் வெள்ளெழுத்து உண்டு.

இரண்டாம் கூடத்துக்குள் காலை வைத்ததும் கட்டளைக் குரலொன்று கூரையிலிருந்து இடித்தது. நான் கைகளை உயர்த்திவிட்டேன். ஒலிநாடாவாம். ஆள் நுழைந்தால் தானாக ஓடுமாம். ஒரு மூலையில் சீருடை போட்ட பொம்மை ஒன்று விரலை நீட்டிக்கொண்டு நின்றது. விரல் நேரே என் நெஞ்சுக்கு. அதைத் தாண்டி நடக்கும்போது சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டேன். பொம்மையென்று புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. கைப்பைக்குள் கைவிட்டேன். கடவுச்சீட்டு இருந்த இடத்தில் தகடு தட்டுப்பட்டது.

நடுவில் ஒரு பெரிய மணல் மேசை. குன்று, ஆறு, காடு, கிராமம் எல்லாம் மணலில் செய்து, சண்டைக்கு முன் தளபதி திட்டம் போடுவது எப்படி என்று விளக்கினார்கள். தீப்பெட்டி அளவில் வீடுகள். தளபதி கடைசியில்தான் சாப்பிடுவார், கடைசியில்தான் தூங்குவார் என்று சார்ஜன்ட் பெருமையோடு சொன்னார். நான் இருபத்தெட்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள். விடைக்கு வழி காட்டாத பிள்ளைக்கு நான் புள்ளி கொடுப்பதில்லை. பயத்தையும் மீறி வாயில் கேள்வி வந்துவிட்டது.

"இந்த வீடுகளில் ஒன்றுக்குள் ஒரு சிப்பாய் போய்ப் பிழையான காரியம் செய்கிறான். தளபதி அங்கே இல்லை. யார் பொறுப்பு?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

சார்ஜன்ட் மேசைமேல் குனிந்தார். மணலில் சாய்ந்து கிடந்த ஒரு குட்டி வீட்டை நிமிர்த்தி வைத்தார். "தளபதிதான், மேடம். அங்கே இல்லாவிட்டாலும் அவர்தான். அதற்குத்தான் அவர் கையில் அந்தக் கைத்தடி" என்றார். இது பாடமா, வழக்கமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ராணுவ உடுப்புப் போட்ட ஒருவர் என் கேள்விக்கு நின்று பதில் சொன்னது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அங்கே கிடந்த தளபதியின் நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசிக் கூடத்தில் அத்தான் என்னை ஒரு படத்தின் முன்னால் நிறுத்தினார். காட்டுக்குள் கூடாரம். ஒரு தளபதி மேசைமேல் குனிந்திருக்கிறார். பின்னால் நான்கைந்து பேர். படத்தின் கீழே தளபதியின் பெயரும், "உடன் அலுவலர்கள்" என்றும் எழுதியிருந்தது. வலது ஓரத்தில், வரைபடத்தின் நுனியைப் பிடித்தபடி, முதுகு நேராக, மெலிந்த ஒரு இளைஞன்.

"அது நான்" என்றார் அத்தான்.

எந்த ஸ்டோர்ஸ் என்று கேட்காமல் விட்ட கேள்விக்கு இருபத்தைந்து வருடம் கழித்துப் பதில் வந்தது. ராணுவ ஸ்டோர்ஸ். அரிசி, பூட்ஸ், தோட்டா. அக்கா வீட்டு ஹோல் சுவரில் நான்கு ஆணிகள் வெறுமையாக இருந்ததும், அவற்றின் கீழே சுவர் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. வெள்ளையடிக்கப் படங்களைக் கழற்றியது என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"ஏன் அத்தான் சொல்லேல்லை?"

"உங்கடை அக்காதான். தங்கச்சி வாறாள், யூனிஃபோமைக் கண்டால் பயப்பிடுவாள் எண்டு நீர் வர முதல்நாள் எல்லாத்தையும் கழட்டிப்போட்டா. மூண்டு வாரமா என்ரை வீட்டிலை நான் ஒளிச்சு இருக்கிறன். இதுவாவது நீர் பார்க்க வேணும் எண்டு..." மீதியை அவர் எந்த மொழியிலும் முடிக்கவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. என்னைப் பார்த்து ஒரு வீடே பயந்திருக்கிறது.

ஒன்றேகாலுக்கு வாசலுக்கு வந்தோம். காவல் மாறியிருந்தது. தகட்டைக் கொடுத்தேன். புதிய சிப்பாய் அத்தானின் அட்டையை எடுத்துத் தந்தான். பிறகு இலக்கமிட்ட இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். பதினான்காம் அறை வெறுமை. குனிந்து மேசைக்கடியிலும் பார்த்தான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"தா அடா."

மூன்று வாரமாக வீடே சிரித்த சொல். காதில் விழுந்ததும் நானும் குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். நாளை மறுநாள் விமானம் போய்விடும், அனுமதி முடிந்துவிடும், பிடித்து வைப்பார்கள், ஊரில் என் கணவர் தனியே இருந்து என்ன ஆனாளோ என்று தேடுவார் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியது. அத்தான், "நில்லும், வாறன்" என்று உள்ளே இருந்த அலுவலகத்துக்கு விரைந்தார். நிழலில் உட்கார ஒரு மர வாங்கு இருந்தது. சிப்பாய் அதைக் காட்டி உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை. வெயிலில்தான் நின்றேன். ஊரில் நிழலுக்கு ஒதுங்கினால் பெயர் கூப்பிடும்போது காதில் விழாமல் போய்விடும்.

குணா டாக்சியை ஓரமாக விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் பாலிதீன் பொட்டலத்தில் ஐஸ் போட்ட தேத்தண்ணி வாங்கிவந்து நீட்டினார். "குடிங்க ஆன்டி. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. கெடைச்சிரும் லா." பொட்டலத்தைப் பிடித்திருந்தேன். குடிக்கவில்லை. ஐஸ் முழுதும் கரைந்து கை நனைந்தது.

முப்பத்தைந்து நிமிடம் ஆனது. உள்ளேயிருந்து ஒரு சிப்பாய் ஓடிவந்தான். ராணுவத்தான் என்னை நோக்கி ஓடிவருகிறான் என்றதும் கண்ணை மூடிக்கொண்டேன். காலடி நின்றது. திறந்தேன். இருபது வயதுப் பிள்ளை, மூச்சு வாங்கியது. வலது கையில் என் கடவுச்சீட்டு. இடது கை விரல்களால் தன் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, சற்றே குனிந்து, அதை நீட்டினான்.

"மாஃப், மக்சிக்" என்றான்.

மன்னியுங்கள், பெரியம்மா என்று அர்த்தமாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்பதால் பதிவேட்டில் எழுத அதிகாரியின் அறைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். புதுக் காவலுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். நான் அங்கேயே அழுதேன். பயத்தில் வராத அழுகை அப்போது வந்தது. அந்தப் பிள்ளை என்ன பிழை செய்துவிட்டோமோ என்று பதறி அத்தானைப் பார்த்தான்.

திரும்பும் வழியில், "ஏன் கையை அப்பிடிப் பிடிச்சவன்?" என்று கேட்டேன்.

"மரியாத லா ஆன்டி. பெரியவங்களுக்கு எதயாச்சும் கொடுத்தா மலாய்க்காரங்க அப்படித்தான் கொடுப்பாங்க" என்றார் குணா. காலையில் தகடு தந்தவனும் அப்படித்தான் தந்திருப்பான். நான் துப்பாக்கியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

"கழட்டினதுகளை எடுத்துக் கொழுவு" என்றேன்.

"உனக்குப் பயமில்லையோ?"

"பயம்தான். ஆனாலும் கொழுவு."

அன்று பின்னேரமே நான்கு படங்களும் ஆணிக்குத் திரும்பின. இரவுச் சாப்பாட்டின்போது நான் அவற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அத்தான் கவனித்தார். எனக்கு இரண்டாவது தரமும் குழம்பு ஊற்றினார்.

சுபாங் விமான நிலையத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து பஸ். மூன்றாம் நாள் நடுப்பகலில், யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் ஆனையிறவுச் சாவடிக்கு நூறு யார் முன்னால் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினோம். குடைகள் மடங்கின, அட்டைகள் உயர்ந்தன. வரிசை நகர்ந்து என் முறை வந்தது. அட்டையை நீட்டினேன். நீட்டும்போது என் இடது கை தானாகப் போய் வலது முழங்கையைத் தொட்டது. தலையும் சற்றே குனிந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. பழகிய கால் அங்கே எழுந்தது போலவே பழகாத கை இங்கே எழுந்துவிட்டது.

சிப்பாய் அட்டையை வாங்கவில்லை. இரண்டடி பின்னால் போனான். அவனுக்கும் இருபது வயதுதான் இருக்கும். துப்பாக்கி மெல்ல உயர்ந்தது. அவன் கண் என் முழங்கையில் இருந்தது.

"கை... என்ன?" என்றான் உடைந்த தமிழில். "உள்ளே என்ன?"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களின் மூச்சு நின்றது தெரிந்தது. அவனுக்கு எப்படிச் சொல்வது? என் வாயில் வந்த ஒரே சொல், 'தா அடா', அவனுக்குத் தெரியாத மொழியில் இருந்தது. அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சட்டையின் நீளக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவனுக்குக் காட்டினேன்.